ஐயக்கிளவியும் உயர்சொல்லும்: பெண் துப்பறியும் புதினங்களை மொழிபெயர்ப்பதில் எழும் பால் விகுதிச் சிக்கல்கள்

1. முன்னுரை

துப்பறியும் புதினத்தின் உயிர்நிலை மறைப்பு. குற்றம் செய்தவர் யார் என்பதை இறுதி வரை மறைத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு வெளிப்படுத்துவதே அவ்வகைப் புதினத்தின் கட்டமைப்பு. கதைப்போக்கு, காட்சியமைப்பு, உரையாடல் ஆகியவற்றால் இம்மறைப்பு நிகழ்வதாகவே திறனாய்வாளர் பெரிதும் கருதுவர். ஆனால் திணை, பால், எண், இடம் ஆகியவற்றை வினைமுற்றில் காட்டும் தமிழ் போன்ற மொழியில் இம்மறைப்பு முதலில் ஒரு விகுதியில் நிகழ்கிறது. ஒரே ஒரு '-ஆள்' விகுதி முன்னூறு பக்கப் புதினத்தின் முடிச்சை மூன்றாம் பக்கத்திலேயே அவிழ்த்துவிடக்கூடும்.

துப்பறிபவர் பெண்ணாக அமையும் புதினங்களில் இச்சிக்கல் இரட்டிக்கிறது. ஒருபுறம், துப்பறியும் பெண்ணை 'அவள்' என்பதா, 'அவர்' என்பதா என்னும் வினா. மறுபுறம், இன்னாரென அறியப்படாத குற்றவாளியை எப்பாலாற் சுட்டுவது என்னும் வினா. முன்னது மரியாதை பற்றியது; பின்னது ஐயம் பற்றியது. இரண்டும் வெவ்வேறு வினாக்களாகத் தோன்றினும், தமிழில் இரண்டிற்கும் விடையாக வருவது '-ஆர்' என்னும் ஒரே விகுதியே. எனவே இவ்விரு முடிவுகளும் தனித்தனியே எடுக்கத்தக்கன அல்ல, ஒன்றையொன்று கட்டுப்படுத்துவன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பீட்டிற்கு மராத்தி மொழி எடுத்துக்கொள்ளப்படுகிறது. புணே–லோணாவளா இருப்புப்பாதையில் அமைந்த ஆகுர்டி, பிம்ப்ரி–சிஞ்ச்வட் தொழிற்பகுதியைச் சேர்ந்தது. பிழைப்பின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் வாழ்கின்றன. வீட்டில் தமிழும் வெளியில் மராத்தியும் பேசும் ஆகுர்டித் தமிழர்க்கு இரு மொழிகளின் பால் பாகுபாட்டு முறைகளும் அன்றாடம் செவிப்படுவன. கீழே (1) முதல் (9) வரை எண்ணிடப்பட்ட எடுத்துக்காட்டுத் தொடர்கள், ஆகுர்டியில் ஒரு பெண் உதவி ஆய்வாளர் திருட்டு ஒன்றைப் புலனாய்வதாகக் கொண்டு கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை.

2. புதினப் பின்புலம்

தமிழ்த் துப்பறியும் புனைகதை மரபு நூறாண்டைக் கடந்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த் என அதன் முதன்மைப் பாத்திரங்கள் ஆண்களே. பின்னர் இணைகள் தோன்றின. ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி ஆகியன வாசகர் நன்கறிந்தவை. இவ்விணைகளில் பெண்ணின் பெயர் இரண்டாவதாக வழங்குவது நோக்கத்தக்கது. பெண்ணே தனித்து முதன்மை பெறும் கதையை மொழிபெயர்ப்போர்க்குக் கைகொடுக்கும் நடை முன்மாதிரிகள் தமிழில் குறைவு.

மகாராட்டிர மண்ணோடு தொடர்புடைய அண்மைக் காலச் சான்று சுஜாதா மாசி ஆங்கிலத்தில் எழுதிய பர்வீன் மிஸ்திரி வரிசைப் புதினங்கள். முதல் நூலான 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' 2018-இல் வெளிவந்தது. 1921-ஆம் ஆண்டுப் பம்பாயில் தந்தையின் சட்ட அலுவலகத்தில் பணிபுரியும் பார்சிப் பெண் வழக்கறிஞர் பர்வீன், கோஷா முறையில் வாழும் மூன்று விதவையரின் சொத்துரிமையை ஆராயப் புகுந்து, ஒரு கொலையைத் துப்பறிய நேர்கிறது. 2019-இல் வெளிவந்த 'தி சதாப்பூர் மூன்ஸ்டோன்' அவரைச் சஹ்யாத்ரி மலைப்பகுதியில் உள்ளதாகக் கற்பிக்கப்பட்ட ஒரு சமத்தானத்திற்கு இட்டுச் செல்கிறது.

இப்பாத்திரப் படைப்பிற்குத் தூண்டுதலாயிருந்தவர்களுள் ஒருவர் கார்னீலியா சொராப்ஜி. 1866-இல் நாசிக்கில் பிறந்து, புணே டெக்கான் கல்லூரியில் பயின்று, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியானவர். ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்று 1892-இல் தேர்வெழுதிய அவர்க்குப் பட்டம் வழங்கப்பட்டது 1922-இல்தான். 1904 முதல் வங்காளத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிருவாகத்தின் கீழிருந்த கோஷாப் பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் அலுவலராகப் பணியாற்றினார். பெண்கள் வழக்கறிஞர் தொழில் புரியத் தடையில்லை என்னும் சட்டம் 1923-இல்தான் இயற்றப்பட்டது.

ஆடவர் நுழைய இயலாத அறைக்குள் நுழைய முடிவதே சொராப்ஜியின் தகுதியாகவும் பர்வீனின் துப்பறியும் ஆற்றலாகவும் அமைகிறது. அதாவது, துப்பறிபவர் பெண் என்பது இங்கே கதைக்கு அணியன்று, கதையின் அடிப்படை. அதே வேளையில் அவர் சட்டம் கற்ற அலுவலர் என்பதும் அடிப்படையே. ஆங்கில மூலத்தில் படர்க்கைப் பெண்பாற் பெயர் பெண்மையைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. மதிப்பை உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வசதி இல்லை.

3. உயர்சொல்: துப்பறிபவரைச் சுட்டுதல்

பின்வரும் தொடர்களை ஒப்பிடலாம்.

(1) அ. உதவி ஆய்வாளர் கதவைத் தட்டினாள்.
ஆ. உதவி ஆய்வாளர் கதவைத் தட்டினார்.

(1அ) பாலைக் காட்டுகிறது, பதவிக்குரிய மதிப்பைக் காட்டவில்லை. (1ஆ) மதிப்பைக் காட்டுகிறது, பாலைக் காட்டவில்லை. இக்காலத் தமிழ்ப் படர்க்கை ஒருமையில் பாலும் மதிப்பும் ஒரே விகுதியிடத்திற்குப் போட்டியிடுகின்றன. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டியுள்ளது. ஆண்பாலிலும் '-ஆன்', '-ஆர்' என்னும் போட்டி உண்டெனினும், பதவிப் பெயருக்கு '-ஆர்' வந்த அளவில் வாசகர் பொதுவாக ஆண் என்றே கொள்வதால் ஆண் பாத்திரத்திற்கு இழப்பு நேர்வதில்லை. பெண் பாத்திரத்திற்கே இழப்பு நேர்கிறது.

பெயராக்கத்திலும் இந்நிலை காணப்படுகிறது. 'துப்பறிவாளன்' என்பதற்கு இணையான பெண்பாற் சொல் வழக்கில் இல்லை. '-ஆளன்' என்பதன் பெண்பால் இணையாக மனையாட்டி, பெருமாட்டி முதலிய சொற்களில் காணும் '-ஆட்டி' இன்று புதுச்சொல் ஆக்கும் திறனை இழந்துவிட்டது. எனவே எழுத்தாளர், பேச்சாளர் என்பவை போலத் 'துப்பறிவாளர்' என்பதும் இருபாற் பொதுவாயிற்று. 'பெண்' என்னும் அடை சேர்த்துப் 'பெண் துப்பறிவாளர்' என்பது வழக்கு. தலைப்பில் இது பொருந்தும், பக்கந்தோறும் பொருந்தாது.

ஆயினும் '-ஆள்' எப்போதும் இழிவு என்று கொள்ளுதல் பொருந்தாது. தமிழ்ப் புனைகதையில் எடுத்துரைப்பவர் கதைத்தலைவனை '-ஆன்' விகுதியாற் சுட்டுவதே பெருவழக்கு. அது நெருக்கத்தின் அடையாளம். வாசகர் யாருடைய மனத்தின் வழியே கதையைக் காண்கின்றனரோ அவர்க்கு உயர்சொல் வேண்டுவதில்லை. அவ்வகையில் பர்வீனின் எண்ண ஓட்டத்தோடு நகரும் எடுத்துரைப்பில் 'அவள்' இயல்பானதே. குறை நேர்வது சமமின்மையில்தான்.

(2) ஆய்வாளர் உள்ளே வந்தார். பின்னாலேயே உதவி ஆய்வாளரும் வந்தாள்.

இங்கே முன்னவர் ஆணாகவும் பின்னவர் பெண்ணாகவும் இருப்பின், வேறுபாடு பதவியால் வந்ததா பாலால் வந்ததா என வாசகரால் பிரித்தறிய இயலாது. புலனாய்வை நடத்துபவர் அப்பெண்ணே என்னும் கதையில் இத்தொடர் கதைக்கு எதிராகச் செயற்படுகிறது.

இதற்குத் தீர்வு விகுதியைப் பாலின் அடிப்படையில் அன்றி, எடுத்துரைப்பின் தொலைவு அடிப்படையில் தேர்தல். எடுத்துரைப்பவர் குரலில் நெருக்கமான பாத்திரம் ஆணாயினும் பெண்ணாயினும் '-ஆன்', '-ஆள்' பெறலாம். பிற பாத்திரங்களின் உரையாடலில் அவரவர் உறவுநிலைக்கேற்ப விகுதி மாறலாம். மாசியின் புதினத்தில் பர்வீனைத் தந்தை ஜம்ஷெட்ஜி 'வருவாள்' எனக் குறிப்பதும், அலுவலகப் பணியாளர் முஸ்தபா 'வந்திருக்கிறார்' எனக் குறிப்பதும் தமிழில் ஒரே பக்கத்தில் நிகழலாம். மூலத்தில் இல்லாத இவ்வேறுபாடு, மூலம் சித்திரிக்கும் சமூகத்தில் உள்ளதே.

4. ஐயக்கிளவி: குற்றவாளியைச் சுட்டுதல்

இன்னாரென அறியப்படாத ஒருவரைச் சுட்டும் சிக்கல் தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இதற்கு விதி வகுத்துள்ளது. உயர்திணை என அறிந்து, ஆணோ பெண்ணோ எனப் பாலில் ஐயம் தோன்றின் பன்மையாற் கூறுக என்பது அதன் கருத்து. மனிதரோ பொருளோ எனத் திணையிலேயே ஐயம் தோன்றின், உருவு என்னும் பொதுச்சொல்லாலோ அஃறிணையாலோ கூறலாம். தொலைவில் தெரிவது மரக்கட்டையோ ஆளோ என ஐயுறும் நிலையை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். ஐயம் நீங்கியபின் அல்லாததை விலக்கி உள்ளதைத் துணிந்து கூறும் முறையையும் அவ்வியல் தொடர்ந்து பேசுகிறது.

ஐயுறுதல், அல்லாததை விலக்குதல், துணிதல் என்னும் இவ்வரிசை துப்பறியும் புதினத்தின் வரிசையே என்பது வியப்பிற்குரியது. மர்மக் கதைகளில் மிகப் பழகிய தொடர் ஒன்றை நோக்கலாம்.

(3) சுவரேறி ஓர் உருவம் குதித்தது.

தேய்ந்த வழக்கு எனத் தள்ளப்படும் இத்தொடர் உண்மையில் இலக்கணம் இசைந்த ஐயக்கிளவி. 'உருவம்' என்னும் சொல்லும் '-அது' என்னும் விகுதியும் பாலை முழுமையாக மறைக்கின்றன.

பேச்சு வழக்கில் மற்றொரு வழி உண்டு.

(4) அ. யார் கதவைத் திறந்தார்?
ஆ. யார் கதவைத் திறந்தது?

(4ஆ)-இல் 'யார்' என்னும் உயர்திணை வினாப்பெயர் அஃறிணை ஒருமை முடிபு பெறுகிறது. எழுத்துத் தமிழில் வழுவெனத் திருத்தப்படும் இதனை உரையாடலில் காத்தல் நன்று. விசாரணை செய்யும் பெண் அலுவலர், விடையின் பாலைத் தம் வினாவிலேயே முன்கூட்டி உணர்த்தாமல் கேட்க இது உதவுகிறது.

பால் ஐயத்திற்கு உரிய '-ஆர்' விகுதியைப் பொறுத்தவரை இன்று ஓர் இடர்ப்பாடு உள்ளது. 'ஒருவர்' என்பது இருபாற்கும் உரியது எனப் பெயரியல் கூறும். ஆனால் இக்கால வாசகர்க்கு '-ஆர்' முதலில் தருவது மரியாதைப் பொருளே. 'கொலையாளி சன்னலைத் திறந்தார்' என்பது செவிக்கு ஒவ்வாமற் படுவது இதனாலேயே. செய்தித்தாள்கள் ஒருவர் செய்த குற்றமாயினும் 'மர்ம நபர்கள் தப்பி ஓடினர்' என '-கள்' சேர்த்து எழுதுவதும் இவ்வொவ்வாமையைத் தவிர்க்கும் முயற்சி எனலாம். புதினத்தில் இவ்வழி உதவாது. குற்றவாளிகள் பலர் என்னும் பொய்க்குறிப்பை அது தந்துவிடும்.

தொல்காப்பியம் இவ்விரு பன்மைகளையும் வேறாக வைத்தே பேசுகிறது. பால் ஐயத்தில் பன்மை கூறல் விதி. ஒருவரை உயர்த்திப் பன்மையாற் கூறல் வழக்குப் பற்றியதேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்பது அதன் நிலைப்பாடு. பிற்காலத்தில் வழக்கே மேலோங்கி, உயர்சொற்பன்மை '-ஆர்' விகுதியைப் பெரிதும் தனதாக்கிக்கொண்டது. ஐயப்பன்மை பின்தங்கியது. துப்பறியும் புதினத்தில் இரண்டும் மீண்டும் ஒரே பக்கத்தில் எதிர்ப்படுகின்றன.

(5) அவர் மாடிப்படியில் ஏறினார். மேலே அவர் அசையாமல் நின்றார்.

ஏறியவர் துப்பறியும் பெண், நின்றவர் குற்றவாளி எனக் கொண்டால், தொடர் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. உயர்சொல்லும் ஐயக்கிளவியும் ஒரே வடிவம் பெற்றதன் விளைவு இது. துப்பறிபவரைப் பக்கந்தோறும் 'அவர்' என முடிவு செய்த மொழிபெயர்ப்பாளர், குற்றவாளிக்கு '-ஆர்' விகுதியைப் பயன்படுத்தும் உரிமையை ஏறத்தாழ இழக்கிறார். மாறாக, துப்பறிபவரை 'அவள்' எனத் தேர்ந்தவர்க்குக் குற்றவாளியை 'ஒருவர்', 'அவர்' எனச் சுட்டும் வழி திறந்திருக்கிறது.

5. மராத்தி ஒப்பீடு

மராத்தியில் படர்க்கை உயர்சொல்லிலும் பால் வேறுபாடு நிலைபெறுகிறது.

(6) அ. தே ஆலே. (ஆண், உயர்சொல்: 'அவர் வந்தார்')
ஆ. த்யா ஆல்யா. (பெண், உயர்சொல்: 'அவர் வந்தார்')

பெண் அலுவலர்க்கு மதிப்பையும் பெண்மையையும் ஒருங்கே தரும் 'த்யா' என்பதற்கு நிகரான வடிவம் தமிழில் இல்லை. மேற்பகுதிகளில் கூறிய போட்டி மராத்தியில் எழுவதே இல்லை. (6ஆ) போன்ற தொடரைத் தமிழாக்குவோர், பெண்மையை வேறிடத்தில், 'மேடம்', 'அம்மா' போன்ற விளியிலோ பெயரிலோ ஈடுசெய்ய வேண்டும்.

தன்மையில் நிலை தலைகீழாகிறது. தமிழில் 'நான் வந்தேன்' பால் காட்டாது. மராத்தியில் ஆண் 'மீ ஆலோ' என்றும் பெண் 'மீ ஆலே' என்றும் கூற வேண்டும். நிகழ்காலத்திலும் 'மீ ஜாதோ', 'மீ ஜாதே' என வேறுபாடு உண்டு. பெயர் கூறாத ஒருவர் தன்மையில் கதை சொல்லும் மர்மப் புதினம் தமிழில் எளிதாகப் பாலை மறைக்கும். மராத்தியில் முதல் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். எனினும் மராத்தியில் செயப்படுபொருள் குன்றா வினையின் இறந்தகாலம் இதற்கு விலக்கு.

(7) மீ தார் உகடலம். ('நான் கதவைத் திறந்தேன்')

இங்கே வினை, 'தார்' (கதவு) என்னும் செயப்படுபொருளோடு இயைவதால், பேசுபவரின் பால் வெளிப்படுவதில்லை. மராத்தி எழுத்தாளர் மறைக்க விரும்பும் இடங்களில் இத்தகைய வினைகளைத் தேடுதல் கூடும். மேலும் 'கோண் ஆலம்?' ('யார் வந்தது?') என வினாவில் நபுஞ்சகப் பால் வருவது தமிழின் (4ஆ)-உடன் ஒத்துச் செல்வதும் கருதத்தக்கது.

மராத்தியிலிருந்து தமிழுக்கு வருவோர் மிக விழிப்பாயிருக்க வேண்டிய இடம் சொற்பால்.

(8) ஏக் வ்யக்தீ ஆத் ஆலீ.

'வ்யக்தீ' (ஆள், நபர்) என்னும் சொல் மராத்தியில் பெண்பாற் சொல். அது குறிக்கும் ஆள் ஆணாயினும் பெண்ணாயினும் வினை 'ஆலீ' எனப் பெண்பால் முடிபே பெறும். இதனை 'உள்ளே ஒருத்தி வந்தாள்' எனப் பெயர்ப்பின், மூலம் கவனமாக மறைத்ததை மொழிபெயர்ப்பு வெளியிட்டுவிடும். குற்றவாளி ஆணாயின் மூலத்தில் இல்லாத பொய்யையும் கூறிவிடும். 'உள்ளே ஒருவர் வந்தார்', 'உள்ளே ஓர் ஆள் நுழைந்தது' என்பனவே பொருந்துவன. இரு மொழியும் பேசுவோர் அன்றாடப் பேச்சில் சூழல் அறிந்து சரியாக விளங்கிக்கொள்ளும் இத்தொடர், சூழலே மறைக்கப்பட்ட புதினத்தில் இடறச் செய்கிறது.

6. தடயமாகும் விகுதி

இதுவரை கூறியவை தமிழின் இடர்ப்பாடுகள். தமிழ்க்குரிய வாய்ப்பும் ஒன்று உண்டு. சாட்சி ஒருவர் தாம் அறிந்திருக்கக் கூடாததைத் தம் சொல்லாலேயே காட்டிக்கொடுப்பது துப்பறியும் புதினங்களின் பழகிய உத்தி.

(9) உதவி ஆய்வாளர்: நகையை எடுத்தது யார் என்று தெரியவில்லை.
சாட்சி: எனக்கும் தெரியாது, மேடம். எப்படியும் ஸ்டேஷன் பக்கமாகத்தான் போயிருப்பாள்.

சாட்சி கூற்றின் இரண்டாம் தொடரில் எழுவாய் இல்லை. பாலை உணர்த்தும் பெயரும் இல்லை. 'போயிருப்பாள்' என்பதன் விகுதி மட்டுமே தடயம். ஆங்கிலத்தில் இதே தவறுதல் தனிச்சொல்லாக நின்று கண்ணில் படும். தமிழில் அது வினைமுற்றின் ஈற்றில் ஒதுங்கி நிற்கிறது. கூர்ந்த வாசகர்க்கே புலப்படும். இத்தகைய இடங்களில் எழுவாயைத் தேவையின்றி வருவித்து 'அவள் போயிருப்பாள்' என எழுதுவது தடயத்தைக் கோடிட்டுக் காட்டுவதாகும்.

முன்னிலையில் பால் வேறுபாடு இல்லை. ஆனால் 'நீ', 'நீங்கள்' என்னும் மரியாதை வேறுபாடு உண்டு. இதுவும் தடயமாகலாம். ஐயத்திற்குரிய ஆடவர் பெண் அலுவலரை முதலில் 'நீ' என விளித்து, சான்றுகள் குவியக் குவிய 'நீங்கள்' என மாறுவது, விசாரணையில் அதிகாரம் இடம் மாறியதை ஒரு விளக்கமும் இன்றி உணர்த்தும். ஆங்கில மூலத்தில் ஒரே சொல்லாயிருக்கும் முன்னிலைப் பெயரைத் தமிழில் பிரிக்கும் மொழிபெயர்ப்பாளர், எந்த உரையாடலில் இம்மாற்றம் நிகழ்கிறது என்பதை முன்னரே தீர்மானிக்க வேண்டும். மூலத்தின் சொற்களில் அன்று, அதன் சூழலிலேயே இதற்கான சான்று கிடைக்கும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க நெறிகள் சிலவற்றைத் தொகுக்கலாம்.

முதலாவது, இத்தகைய புதினத்தை மொழிபெயர்க்கத் தொடங்குமுன் இறுதி இயலைப் படித்து, குற்றவாளியின் பால் மூலத்தில் முதன்முதல் வெளிப்படும் தொடரைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அத்தொடருக்கு முன் அவரைச் சுட்டும் தமிழ் வினைமுற்று ஒவ்வொன்றும் ஆராயப்பட வேண்டும்.

இரண்டாவது, துப்பறியும் பெண்ணுக்குரிய விகுதியையும் அறியப்படாத குற்றவாளிக்குரிய விகுதியையும் ஒருங்கே தேர்தல் வேண்டும். முன்னவர்க்கு '-ஆர்' எனின், பின்னவர்க்கு 'உருவம்', 'ஆள்' முதலியவற்றோடு '-அது' பொருந்தும். முன்னவர்க்கு '-ஆள்' எனின், பின்னவர்க்கு 'ஒருவர்', '-ஆர்' பொருந்தும்.

மூன்றாவது, உயர்சொல்லைப் பாலுக்கேற்பப் பங்கிடாமல், எடுத்துரைப்பின் நெருக்கத்திற்கும் பேசுபவரின் உறவுநிலைக்கும் ஏற்பப் பங்கிடல் வேண்டும்.

நான்காவது, பால் காட்டா வடிவங்களான பெயரெச்சம், தொழிற்பெயர், உறுப்பை எழுவாயாக்கல் ஆகியவற்றை வேண்டிய இடத்துப் பயன்கொள்ளல் வேண்டும். 'கையுறை அணிந்த கை ஒன்று கதவைத் திறந்தது' என்பது முழு ஆளையும் ஒரு கைக்குள் மறைத்துவிடுகிறது.

கோஷா அறையின் திரைக்கு அப்பால் சென்று உண்மையை அறிந்து வரும் உரிமை சொராப்ஜிக்குப் பெண் என்பதனாலும் சட்டம் கற்றவர் என்பதனாலும் ஒருங்கே கிடைத்தது. அவர் வழி வந்த பாத்திரத்தைத் தமிழில் எழுதும்போது இவ்விரண்டில் ஒன்றை விகுதி விழுங்கிவிடாமற் காத்தல் மொழிபெயர்ப்பாளரின் கடன். 'த்யா' போன்ற வடிவம் தமிழில் இல்லை என்பது உண்மை. எனினும் ஐயத்தையும் உயர்வையும் வேறுவேறாகப் பிரித்துணர்ந்த இலக்கண மரபு ஒன்று தமிழுக்கு உண்டு. அப்பாகுபாட்டை மீண்டும் கைக்கொள்வோர்க்கு, உள்ள விகுதிகளைக் கொண்டே இரண்டையும் காக்க இயலும்.